அரங்குவீட்டுச் சாவி

போன தீபாவளிக்கு மூன்றாம் நாள் என் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தது. எதைக் கடித்து உடைந்தது என்று கேட்கிறவர்களிடம் முறுக்கு என்றோ சீடை என்றோ சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மைசூர்பாகு. அதுவும் சுத்தியல் கேட்கிற அந்தக் காலத்து மைசூர்பாகு அல்ல. நெய்யில் ஊறி, உதட்டில் பட்டதும் உருகி, வாயில் பல் என்று ஒன்று இருப்பதற்கே மரியாதை தராமல் தொண்டைக்குள் வழுக்கிக்கொண்டு போகிறதே, அந்த இந்தக் காலத்து மைசூர்பாகு. வெண்ணெய்வெட்டிச் சிப்பாய்க்கும் ஒரு நாள் வாள் உடையும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எட்டு வயதில் பொரிவிளங்காய் உருண்டையைக் கடித்தே உடைப்பேன் என்று பந்தயம் கட்டி ஜெயித்தவன் நான். பொரிவிளங்காயைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை: அரிசியையும் பாசிப்பயறையும் வறுத்துத் திரித்து, சுக்கும் ஏலமும் தட்டிப்போட்டு, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் வறுத்துச் சேர்த்து, முற்றிய பாகை ஊற்றிக் கை பொறுக்கும் சூட்டில் உருட்டி வைப்பார்கள், ஆறியபின் அதற்கும் தாமிரபரணிக் கூழாங்கல்லுக்கும் நிறத்தில் மட்டும்தான் வித்தியாசம். எங்கள் ஊரில் அதை அம்மிக்குழவியால் தட்டித் தின்பது பெரியவர்கள் வழக்கம், கதவிடுக்கில் வைத்து நெரிப்பது பையன்கள் வழக்கம், வாயின் ஒரு பக்கத்தில் அதக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே போய்விடுவது என் வழக்கம். கன்னம் புடைத்திருப்பதைப் பார்த்து, "பல்வலியாலே?" என்று பரிவோடு கேட்ட கணக்கு வாத்தியாரிடம் ஆமாம் என்று தலையாட்டி, வாய்ப்பாடு ஒப்பிப்பதிலிருந்து தப்பித்திருக்கிறேன். பல்வலி அப்போது எனக்கு ஒரு பொய்தான். பிறகு ஐம்பது வருஷம் கழித்து அதுவே மெய்யானபோது, சொன்னதை நம்புவதற்கு வாத்தியார் உயிரோடில்லை.

அந்தப் பற்களை நாங்கள் என்ன சீராட்டி வளர்த்தோம் என்று நினைக்கிறீர்கள்? புறவாசலில் கிணற்றடிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மாடக்குழி, அதில் ஒரு சிரட்டை, சிரட்டையில் உமிக்கரி. உமியைக் கருக்கி, உப்பும் நாலு மிளகும் சேர்த்து ஆச்சி இடித்து வைத்திருப்பாள். ஆள்காட்டி விரலில் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முந்தின நாள் ராத்திரிச் சொப்பனத்தின் மிச்சத்தைப் பார்த்தபடி தேய்ப்பது; வாயெல்லாம் கறுத்துப் போனதும் தம்பியைப் பயமுறுத்துவது. ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போனால் வேப்பங்குச்சி. அதன் நுனியை மென்று துவளவைப்பதற்குள் படித்துறைக்கு வந்துவிடுவோம். கசப்பு முதலில் முகத்தைச் சுளிக்கவைக்கும், பிறகு தண்ணீர் குடித்தால் இனிக்கும். தேய்த்து முடித்ததும் அதே குச்சியை நெடுகக் கீறி இரண்டாக்கி நாக்கு வழித்துவிட்டு ஆற்றில் விட்டெறிந்தால் அது மருத மரத்து நிழலைத் தாண்டி மிதந்து போகும். இன்று காலை நான் நாக்கு வழித்த கருவி துருப்பிடிக்காத எஃகு. பத்து வருஷ உத்தரவாதம் அட்டையில் இருக்கிறது. எனக்கே யாரும் அப்படி எழுதித் தரமாட்டார்கள்.

தேய்த்துவிட்டு உள்ளே நுழைந்தால் பட்டாசல் வாசலில் ஆச்சி சோதனைச் சாவடி.

"ஏலே, பல்லு தேச்சியா?"

"தேச்சிட்டேன் ஆச்சி."

"எங்க, ஈன்னு காட்டு."

காட்ட வேண்டும். கரி ஒரு துணுக்கு ஒட்டியிருந்தாலும் திரும்பக் கிணற்றடி. எதைத் தின்றாலும் வாய் கொப்புளித்துவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்பது இன்னொரு சட்டம். இதற்கெல்லாம் அவள் காரணம் சொன்னதில்லை. காரணம் கேட்கலாம் என்று எங்களுக்கும் தோன்றியதில்லை.

பிறகு பல்பொடி வந்தது. சென்னையில் வேலை பார்த்த சித்தப்பா லீவுக்கு வந்தபோது பிரஷ்ஷும் பினாகா டூத்பேஸ்ட்டும் கொண்டுவந்தார்; அவர் பேஸ்ட்டை எங்களுக்குத் தரவில்லை, பெட்டிக்குள் இருந்த சின்ன பிளாஸ்டிக் மிருகத்தை மட்டும் தந்தார். ஒரு வருஷம் ஒட்டகம், மறு வருஷம் காண்டாமிருகம். பேஸ்ட் என்பது பல்லுக்காகச் செய்யப்படுவது என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே அது காண்டாமிருகத்துக்காகச் செய்யப்படுவது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்கு வாய்த்தது ரோஸ் நிறத்தில் கோபால் பல்பொடி. இலங்கை வானொலியில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் அதன் பெயரைக் கேட்டுக் கேட்டு, அது இல்லாத வீடு என்ன வீடு என்று நாங்கள் போட்ட சத்தத்தில் அப்பா வாங்கி வந்தார். அதன் இனிப்பை இப்போதும் நாக்கு மறக்கவில்லை. உண்மையைச் சொல்லுங்கள், நீங்களும் தின்றிருக்கிறீர்கள்தானே? ஒரு விரல் பல்லுக்கு, இரண்டு விரல் வயிற்றுக்கு என்று கணக்கு வைத்து நான் தின்றதில் டப்பா சீக்கிரமே காலியானது. "புள்ளைக எம்புட்டு நல்லா பல்லு தேய்க்கி!" என்று அம்மா அடுத்த வீட்டு மதினியிடம் பெருமைப்பட்டாள்.

பல்பொடியைத் தின்னும் நிலைமைக்கு ஒரு பிள்ளை ஏன் போகிறான் என்றால், பலகாரம் பூட்டியிருப்பதால் போகிறான்.

எங்கள் வீட்டில் பட்டாசலுக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஜன்னலில்லாத அறை ஒன்று, அரங்குவீடு என்போம். நெல் குதிர், ஊறுகாய்ப் பரணி, கருப்பட்டிப் பானை எல்லாம் அங்கே. தீபாவளிக்கு எட்டு நாள் முன்னே சுட ஆரம்பிக்கிற முறுக்கும் தட்டையும் அதிரசமும் முந்திரிக்கொத்தும் பானைகளுக்குள்ளும் பிஸ்கட் டின்களுக்குள்ளும் அடங்கி அந்த இருட்டுக்குள் போய்விடும். சாவி ஆச்சியின் இடுப்பில். எண்ணெய் காயும் வாசம் தெருமுனை வரை வந்து எங்களை வீட்டுக்கு இழுத்துவரும், வந்தால் தின்னக் கிடைப்பது முதல் ஈட்டில் உடைந்த முறுக்குத் துண்டு ஒன்று. அதுவும் பிள்ளையாருக்கு எடுத்து வைத்த பிறகு. அந்த எட்டு நாளும் நாங்கள் பட்ட பாடு, வாசத்தை மட்டும் தின்று உயிர் வளர்த்த பாடு. தீபாவளியன்று விடியுமுன் உச்சந்தலையில் எண்ணெய் அறைந்து, சீயக்காய் கண்ணில் விழுந்து, வெந்நீரில் குளித்து, லேகிய உருண்டையை மூச்சைப் பிடித்து விழுங்கி, புதுச்சட்டையின் மூலையில் மஞ்சளோடு வந்து நின்றால், அரங்குவீடு திறக்கும். அன்றைக்கும் மறுநாளும் எங்களைக் கேட்பாரில்லை. மூன்றாம் நாள் காலையில் மறுபடியும் பூட்டு. அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒன்று, அவ்வளவுதான். அப்படியே கார்த்திகை வரை ஓட்டிவிடுவாள். அவளைக் கஞ்சப் பிசினாறி என்று நான் பென்சிலால் சுவரில் எழுதியிருக்கிறேன். அவளுக்கு எழுத்து தெரியாது என்ற தைரியம்.

இப்போது நான் வாடிக்கையாகப் போகிற பல் டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது. உடைந்த பல்லைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, மைசூர்பாகின் மீது குற்றமில்லை என்று முதலிலேயே விடுதலை செய்துவிட்டார்.

"இது அன்னிக்கு உடைஞ்சதில்ல, அங்கிள். நீங்க தூங்கும்போது பல்லக் கடிக்கிறீங்க. வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா விரிசல் விட்டிருக்கு. ஸ்வீட் சும்மா கடைசியா வந்து மாட்டிக்கிச்சு."

ராத்திரி நறநறவென்று பல் கடிப்பது எனக்கு ஐந்து வயதிலிருந்தே உண்டு. அப்போது அதற்கு வயிற்றில் பூச்சி என்று பெயர். மறுநாள் காலையில் வேப்பங்கொழுந்தை அரைத்து நெல்லிக்காய் அளவு உருட்டி வாயில் போட்டு மூக்கைப் பிடித்துவிடுவார்கள். 1974-இல் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையின்போது கடித்த கடியில் பக்கத்தில் படுத்திருந்த தம்பி எழுந்து போய்த் திண்ணையில் படுத்துக்கொண்டான். பூச்சி பெரிதாகிவிட்டது என்று வேப்பங்கொழுந்தும் பெரிதானது. அந்தப் பரீட்சை மாதத்தில் ஈறெல்லாம் வீங்கி, தேய்த்தால் ரத்தம் கசிந்தது. சூடு என்றார்கள், மோர் கொடுத்தார்கள். பிறகு சென்னைக்கு வந்து, உத்தியோகம் பார்த்து, மார்ச் மாதக் கணக்கு முடிப்புகளில் மேலதிகாரி என்ன சொன்னாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று அப்பா கடிதத்துக்குக் கடிதம் எழுதியதை, பகலில் முடியாமல் போனாலும் இரவிலாவது சிரத்தையாக நிறைவேற்றிவந்திருக்கிறேன் போலிருக்கிறது. இப்போது பூச்சி வயிற்றிலில்லையாம், மனசிலாம். அதற்கு வேப்பங்கொழுந்து கிடையாது. அச்செடுத்துச் செய்த பிளாஸ்டிக் உறை ஒன்றை இரவில் பல்லின்மேல் மாட்டிக்கொள்ள வேண்டும். நைட் கார்டு என்று பெயர். எங்கள் அபார்ட்மெண்டிலும் ஒரு நைட் கார்டு இருக்கிறார். இருவரில் எனக்கு உருப்படியாகக் காவல் காப்பது பிளாஸ்டிக்தான்.

டாக்டரம்மா கதை சொல்லுகிறவர். வாயைத் திறந்து வைத்திருக்கிறவனுக்கு எதிர்வாதம் கிடையாது என்பது அவருக்கு வசதி. கவலையிலும் அலைச்சலிலும் வாய் வறண்டுபோகும், உடம்பின் எதிர்ப்பு தளரும், பல் தேய்ப்பதையும் அரைகுறையாக விட்டுவிடுவோம், அந்த நேரம் பார்த்து ஈறு நோய் ஏறி உட்காரும் என்றார். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்களுக்கு ஈறு அழுகி ரத்தம் வடிந்ததாம், அதற்குப் பதுங்குகுழி வாய் என்றே பெயர் வந்ததாம். பரீட்சைக்குக் கண் விழிக்கிற பிள்ளைகளிடமும் அதைப் பார்த்திருக்கிறார்கள் என்றார். வாய்க்குள் பஞ்சு இருந்ததால் எஸ்.எஸ்.எல்.சி. என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை கட்டுப்படாது. சம்பந்தி வீடுகள் மாதிரி, ஒன்றில் சண்டை வந்தால் மற்றதில் அடுப்பு எரியாது. இந்த உவமை என்னுடையது, டாக்டரம்மாவுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகிறது.

பிறகு ஸ்வீடன் கதை. 1945-இல் ஆரம்பித்துச் சில வருஷங்கள், லுண்ட் நகரத்துக்குப் பக்கத்தில் விப்பஹோல்ம் என்ற விடுதியில், மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு விதவிதமாக இனிப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குச் சாப்பாட்டோடு மட்டும், சிலருக்கு இடையிடையே பல்லில் அப்பிக்கொள்கிற டாஃபி. சாப்பாட்டோடு இனிப்புத் தின்றவர்கள் பல்லில் பெரிய கெடுதல் இல்லை. நாளெல்லாம் டாஃபி மென்றவர்கள் பற்கள் சொத்தையாகிச் சிதைந்தன. சம்மதம் சொல்லத் தெரியாதவர்களின் வாயில் நடத்திய சோதனை அது. கேட்கும்போதே அந்த டாஃபி எனக்குக் கசந்தது. ஆனால் அதிலிருந்து உலகம் தெரிந்துகொண்டது ஒன்று: எவ்வளவு தின்கிறோம் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறோம் என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ளே போகும்போதும் பல்லிடுக்குக் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து அமிலமாக்கும், எச்சில் ஊறி அதைச் சரிக்கட்ட அரைமணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். அதற்குள் அடுத்த துண்டு போனால் மறுபடியும் முதலிலிருந்து. இன்றும் ஸ்வீடனில் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும்தானாம்.

சனிக்கிழமை மிட்டாய்! நான் நாற்காலியில் எழுந்து உட்காரப் பார்த்தேன், டாக்டரம்மா தோளைப் பிடித்து அழுத்தினார். ஒரு நாடே கூடி, பெரிய ஆராய்ச்சி செய்து, அறிக்கை எழுதிக் கண்டுபிடித்தது ஆச்சியின் இடுப்புச் சாவியை அல்லவா! மத்தியானச் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒன்று. வாய் கொப்புளித்துவிட்டு உள்ளே வா. பற்களைக் காப்பாற்றியது உமிக்கரி என்று நான் இத்தனை காலம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது தப்பு. காப்பாற்றியது பூட்டு.

உமிக்கரியைப் பற்றியும் அவரிடம் கேட்டேன். இப்போது கடையில் கரி போட்ட பேஸ்ட், உப்புப் போட்ட பேஸ்ட், வேம்பும் கிராம்பும் போட்ட பேஸ்ட் என்று விற்கிறார்களே, எல்லாம் எங்கள் சிரட்டையில் இருந்ததுதானே, என்றேன் மார்தட்டாத குறையாக. "சிரட்டைல இருந்தாலும் டியூப்ல இருந்தாலும் கரி எனாமலத் தேய்க்கும், அங்கிள். உங்களுக்கு நிறையவே தேஞ்சிருக்கு" என்று பழசையும் புதுசையும் ஒரே கொறட்டில் பிடுங்கிப் போட்டுவிட்டார். போதாக்குறைக்கு, ராத்திரி படுக்குமுன் பல் தேய்க்கும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா என்றும் கேட்டார். தூங்கும்போது எச்சில் வற்றிவிடும், ஆகவே ஒரு நாளில் ஒரே ஒரு தடவைதான் தேய்க்க முடியும் என்றால் ராத்திரிதான் தேய்க்க வேண்டுமாம். ஆச்சிக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருந்திருக்கிறது என்பதை அறுபது வயதுக்கு மேல் தெரிந்துகொள்வது லேசான காரியமில்லை.

ஆச்சியை விட்டேனே தவிர தாத்தாவை விடவில்லை. "எங்க தாத்தா எண்பது வயசுல கரும்பைப் பல்லால சீவித் தின்னார், டாக்டர்" என்றேன். இதை நான் கல்யாண வீடுகளிலும் ரயில் பெட்டிகளிலும் நாற்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன், கேட்டவர்களெல்லாம் ஆச்சரியப்பட்டுத் தத்தம் தாத்தாக்களைப் பற்றி அதே கதையைச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரம்மா ஆச்சரியப்படவில்லை. "அப்படியா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லில் என்ன இருந்ததோ, பேருந்தில் திரும்பி வரும்போது தாத்தாவை முதல் தடவையாக உற்றுப் பார்க்கத் தொடங்கினேன். பொங்கலன்று திண்ணையில் கரும்புக் கட்டை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தோகையை ஒடித்து, கணுவை அரிவாளால் தறித்துவிட்டு, துண்டுகளை எங்களுக்கு நீட்டுகிறார். நாங்கள் பல்லால் பட்டையை உரித்து, சாறு முழங்கைவரை வழிய, சக்கையைத் தெருவில் துப்புகிறோம். அவர் வாயைப் பார்க்கிறேன். வாய் அசைகிறது; கரும்பில்லை, வெற்றிலை. அந்த வெற்றிலையையும் அவர் மென்றதில்லை. கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு குழவி, கையடக்கமாக ஒரு பித்தளை உரல். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, துளி புகையிலை எல்லாம் அதில் போட்டு டொக் டொக்கென்று இடித்துக் குழைத்து வாயில் இட்டுக்கொள்வார். எங்கள் வீட்டின் கடிகாரமே அந்தச் சத்தம்தான். பாக்கும் புகையிலையும் அவர் ஈறை என்ன பாடுபடுத்தினவோ, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தாத்தாவுக்குப் பல் கிடையாது. அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயதுகூட இருக்காது. கரும்பைச் சீவித் தின்ற அந்த எண்பது வயதுக்காரரை நான்தான் எங்கேயோ வழியில் உண்டாக்கி, பல் கட்டி, ரயிலில் ஏற்றிவிட்டிருக்கிறேன்.

இப்போதைய தீபாவளி புரட்டாசியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. மாப்பிள்ளையின் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி, மருமகள் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி, பக்கத்து ஃப்ளாட்காரர் பெட்டி, நாம் இன்னொருவருக்குக் கொடுத்தது ஊர் சுற்றி நமக்கே திரும்பி வந்த பெட்டி. எல்லாம் சாப்பாட்டு மேஜைமேல் திறந்தே கிடக்கின்றன. யாரும் உட்கார்ந்து தின்பதில்லை. போகிறபோது ஒன்று, வருகிறபோது ஒன்று, போனில் பேசிக்கொண்டே ஒன்று. எனக்கென்று தனியாக சுகர்ஃப்ரீ பெட்டி. அதைத் தின்றால் பாவமில்லை என்பதால் இரண்டு மடங்கு தின்கிறேன். பெட்டிகள் தீருமுன் கிறிஸ்துமஸ் கேக் வந்துவிடும், கேக் தீருமுன் பொங்கலுக்குக் கரும்பு வரும். அது தோல் சீவி, துண்டு போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் பல்குத்தும் குச்சியோடு வருகிறது. ஸ்வீடன்காரன் பார்த்தால் அழுதுவிடுவான்.

இந்த அமளிக்கு நடுவில் என் பேத்தி மட்டும் பிசகுவதில்லை. ஏழு வயது. மின்சாரத்தில் உறுமுகிற பிரஷ் ஒன்று வைத்திருக்கிறாள், இரண்டு நிமிஷம் ஆனால்தான் நிற்கும். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. தேய்த்த பிறகு தங்கத்தையே கொடுத்தாலும் வாயில் வாங்கமாட்டாள். காண்டாமிருகம் எதுவும் தராமலே ஒரு பிள்ளை பல் தேய்க்கிறது என்பதை என்னால் இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை.

போன வாரம் ஊரிலிருந்து வந்த தங்கச்சி பொரிவிளங்காய் கொண்டுவந்திருந்தாள். "உனக்குப் புடிக்குமேன்னு செஞ்சேன்ணே" என்று அவள் தூக்குவாளியைத் திறந்தபோது சுக்கு வாசத்தில் எனக்கு அரங்குவீடு முழுக்கத் தெரிந்தது. கடைவாயில் புதிதாகப் போட்டிருக்கிற கேப், அதற்கு டாக்டரம்மா விதித்திருக்கிற நிபந்தனைகள், எல்லாவற்றையும் எண்ணிப்பார்த்தேன். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு பரணில் ஏறி, ஊர் வீட்டை விற்றபோது நான் எடுத்துவந்த ஒரே சொத்தைத் தேடி எடுத்தேன். பச்சை பிடித்திருந்தது, புளி போட்டு விளக்கினேன். ஓர் உருண்டையைத் துணியில் சுற்றி உடைத்து, துண்டுகளைப் பித்தளை உரலில் போட்டு இடிக்க ஆரம்பித்தேன். டொக், டொக்.

பேத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். உரலைப் பார்த்தாள், தூக்குவாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"தாத்தா, பிரஷ் பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு கண்ணு."

"அப்போ இது நாளைக்கு. சாப்பிடும்போது." தூக்குவாளியை மூடி, ஃப்ரிட்ஜுக்கு மேலே வைக்க நாற்காலியை இழுத்துப்போட்டாள். ஏறி, வைத்து, இறங்கி, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு என் எதிரில் வந்தாள்.

"எங்க, ஈ காட்டுங்க."

காட்டினேன். மேல்வரிசை முழுக்க நைட் கார்டு மாட்டியிருந்தது. அதன்மேல் பொரிவிளங்காய்த் தூள் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் குளியலறைப் பக்கம் விரலை நீட்டினாள்.